மயங்கி விழுந்த ஈக்களும் ஒரு பழைய கேள்வியும்



மல்லாங்கிணற்றில் எட்டாம் வகுப்பில் ஒரு பையன் கேட்டான்: "சார், கணையச் செல்லில் இருந்து இன்சுலின் வெளியே வரும்போது சவ்வு கிழியாதா?" அன்று எனக்குப் பதில் தெரியவில்லை.

கிழியாது. இன்சுலின் சிறு பைகளில் இருக்கும். பையின் உறையும் செல்லின் சவ்வும் ஒரே மாதிரிக் கொழுப்புப் படலம். ரசத்தில் மிதக்கும் இரண்டு எண்ணெய்த் துளிகள் சேருவதுபோல இரண்டும் ஒன்றாகும். உள்ளே இருப்பது வெளியே கொட்டும். நரம்புகளும் இப்படித்தான் சேதி அனுப்புகின்றன என்று 1950-களில் பெர்னார்ட் காட்ஸ் சொன்னார்.

மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் ஒபைத் சித்திக்கி, அமெரிக்காவின் சீமோர் பென்சருடன் சேர்ந்து, சூடேறினால் மயங்கி விழும் பழ ஈக்களைப் பற்றி 1976-இல் எழுதினார். அவற்றில் ஒன்றின் பெயர் 'கோமடோஸ்'. அது ஏன் மயங்கியது என்பது 1995-இல்தான் தெரிந்தது: பைகள் சவ்வோடு இணையத் தேவையான ஒரு புரதத்தில் பழுது. அந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்த ஜேம்ஸ் ராத்மேனுக்கும் வேறு இருவருக்கும் 2013 அக்டோபரில் நோபல் பரிசு அறிவித்தார்கள். சித்திக்கி அந்த ஜூலையில்தான் மறைந்திருந்தார்.

கேள்வி கேட்ட தம்பி, எங்கே இருக்கிறாய்? விஞ்ஞானிகளுக்கே பல வருஷம் ஆனது. எனக்கும் தாமதமாகிவிட்டது, பொறுத்துக்கொள்.