அடிக்கட்டையின் கணக்கு



கண்டியிலிருந்து பேராதனையைக் கடந்து கொழும்புச் சாலையில் செல்வோர், கடுகண்ணாவைக் கணவாயை அடையுமுன் பிலிமத்தலாவை என்னும் ஊரைக் காண்பர். சாலையோரமெங்கும் பித்தளைக் குத்துவிளக்குகளும் தட்டங்களும் மின்னும் கடைகள். அவற்றுக்குப் பின்னே பலாவும் தென்னையும் கமுகும் கராம்பும் நெருங்கி நிற்கும் வீட்டுத் தோட்டங்கள். இவ்வூரில் சிறு நிலமொன்றை வாங்கிய நண்பர் ஒருவர் அண்மையில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "மரங்களை வெட்டி விற்றவர் அடிக்கட்டைகளை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார். ஏழெட்டுக் கட்டைகள் இருக்கின்றன. இயந்திரம் கொண்டுவரப் பணமில்லை. குறைந்த செலவில் இவற்றை அகற்றுவது எப்படி?" என்பதே அக்கேள்வி.

கேள்வி சிறியது. ஆனால் அதற்கு விடை தேடிச் சென்றால், கடந்த இருநூறு ஆண்டுகளில் இம்மலைநாட்டில் நடந்த பெரிய மாற்றங்களின் வழியாகவே நடந்து செல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில், "அடிக்கட்டையை என்ன செய்வது?" என்ற இதே கேள்வியை, நம் நண்பருக்கு முன்னரே, பல்லாயிரம் ஏக்கர் காட்டை அழித்தவர்களும் கேட்டார்கள். அவர்கள் கண்ட விடையும், அதற்காகப் பின்வந்தோர் கொடுத்த விலையும் நாம் அறிந்துகொள்ளத்தக்கவை.

முதலில் பழைய கிராமத்தாரின் முறையை நோக்குவோம். சேனைப் பயிர் செய்த சிங்களக் கிராமவாசி காட்டின் ஒரு பகுதியை வெட்டி, உலரவிட்டு, எரித்து, குரக்கனோ எள்ளோ விதைத்தான். அடிக்கட்டையை அவன் பிடுங்கவில்லை. ஓரளவு உயரம் விட்டே வெட்டினான். இது சோம்பல் என்று பிற்காலத்து அதிகாரிகள் எண்ணினர். உண்மை அதுவன்று. ஓரிரு போகத்தின் பின் அவன் அந்நிலத்தை விட்டு அகல்வான். உயிரோடிருந்த கட்டைகள் துளிர்த்து மீண்டும் காடாகும். சில ஆண்டுகள் கழித்து அவன் திரும்பி வருவான். கட்டை அவனுக்கு இடையூறு அன்று. காட்டின் விதைமுதல் அது.

ஆங்கிலேயர் 1815ஆம் ஆண்டில் கண்டி இராச்சியத்தைக் கைப்பற்றினர். 1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கொழும்பிலிருந்து கண்டிக்குச் சாலை அமைப்பித்தார். அச்சாலையை அமைத்த பொறியாளர் டோசன் என்பவரின் நினைவுத் தூண் இன்றும் கடுகண்ணாவையில் நிற்கிறது. பிலிமத்தலாவையை ஊடறுத்துச் செல்வதும் அதே சாலைதான். சாலை வந்ததும் கோப்பி வந்தது. பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் பார்ன்ஸ் தாமே கோப்பி பயிரிட்டார். கம்பளைப் பக்கத்தில் ஜோர்ஜ் பேர்ட் என்பவரும் அதே காலத்தில் தோட்டம் திறந்தார். 1840ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட முடிக்குரிய காணிச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட இயலாத காட்டையும் சேனை நிலத்தையும் அரசுக்குரியதெனக் கொண்டது. அந்நிலங்கள் ஏக்கர் ஐந்து சிலிங் என்னும் மலிவான விலைக்குத் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டன. கிராமவாசி திரும்பி வருவதற்காக விட்டுச் சென்ற கட்டைகள், இவ்வாறு வேறொருவன் நிலத்துக் கட்டைகள் ஆயின.

அக்காலத்தில் காடு வெட்டிய முறை வியப்பிற்குரியது. மலையடிவாரத்தில் தொடங்கி மேல்நோக்கி ஏறிச் செல்வார்கள். ஒவ்வொரு மரத்தையும் பாதியளவே வெட்டி நிற்கவிடுவார்கள். உச்சியை அடைந்ததும் அங்குள்ள மரங்களை முழுவதும் வெட்டிச் சாய்ப்பார்கள். அவை கீழுள்ள மரங்கள்மீது விழ, அவை அவற்றுக்குக் கீழுள்ளவற்றின்மீது விழ, மலைச்சரிவு முழுவதும் இடிமுழக்கம் போன்ற ஓசையுடன் ஒருசேரச் சாயும். வெட்டியவர்களுட் பெரும்பாலோர் கொந்தராத்துக்கு வந்த சிங்களக் கிராமத்தவர். விழுந்தவை சில வாரங்கள் வெயிலில் காய்ந்தபின் தீ மூட்டப்பட்டன. எஞ்சியவை கரிந்த அடிக்கட்டைகளும் சாம்பலுமே.

இனி, கட்டையைப் பிடுங்குவதா, விடுவதா? தோட்டக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தார். காட்டு மரமொன்றின் கட்டையைத் தோண்டி எடுக்க ஆட்கள் பலர், நாட்கள் பல வேண்டும். அதே கூலிக்கு எத்தனையோ நடுகுழிகள் வெட்டலாம். ஆகவே கட்டைகளை அப்படியே விட்டு, கயிறு பிடித்து, முளை அடித்து, இடையிடையே சுமார் ஒன்றரை அடி ஆழக் குழிகள் வெட்டிக் கோப்பியை நட்டார்கள். அந்தக் குழிகளை வெட்டியவர்கள் நம் மக்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து புறப்பட்டு, மன்னார்க் கரையில் இறங்கி, நீரற்ற காட்டுப் பாதை வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள். வழியில் நோயாலும் பசியாலும் மடிந்தோர் பலர். தேயிலைக் காலத்திலும் ஆள் திரட்டுவோரின் ஆசை வார்த்தை ஓயவில்லை. தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று சொல்லி அழைத்து வந்தார்கள் என்பது மலையகத்தில் இன்றும் வழங்கும் பேச்சு. தூரைத் தோண்டியவர்கள் கண்டது வேரும் கல்லும் மட்டுமே.

கட்டையை விட்டது இலங்கையில் மட்டும் நடந்ததன்று. தென் ஆஸ்திரேலியாவில் மல்லி எனப்படும் மரத்தின் கட்டைகள் உழவரின் கலப்பைகளை உடைத்துக்கொண்டிருந்தன. 1876ஆம் ஆண்டில் ஸ்மித் என்னும் உழவர், கட்டையில் மோதினால் முறியாமல் அதன்மேல் ஏறிக் குதித்து அப்பால் இறங்கும் கலப்பையொன்றை ஆக்கினார். கட்டையைப் பிடுங்கும் செலவு பெரிதாயின் அதனோடு வாழக் கற்பதே வழி என அவ்வுழவர் கண்டார். அமெரிக்காவிலோ, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உழவர்கள் வெடிமருந்து வைத்துக் கட்டைகளைத் தகர்த்தார்கள். ஒவ்வொரு நாடும் தனக்கு மலிவானது எதுவோ அதைத் தேர்ந்தது. நம் மலைகளில் மலிவாயிருந்தது மனித உழைப்பு. அதைவிடவும் மலிவாயிருந்தது கட்டையைக் கண்டும் காணாததுபோல் விட்டுவிடுவது.

1869ஆம் ஆண்டில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத் தூள் தோன்றியது. பேராதனைப் பூங்காவின் இயக்குநராயிருந்த துவைற்ஸ் அனுப்பிய இலைகளை ஆராய்ந்த பெர்க்லி என்னும் ஆங்கில அறிஞர், அது புதியதொரு பூஞ்சணம் எனக் கண்டு பெயரிட்டார். 1880ஆம் ஆண்டில் மார்ஷல் வார்ட் என்பவர் இங்கு வந்து அந்நோயின் வாழ்க்கை வரலாற்றை விளக்கினார். விளக்கம் கிடைத்தது, மருந்து கிடைக்கவில்லை. இரண்டரை லட்சம் ஏக்கருக்கு மேல் பரந்திருந்த கோப்பி, இருபது ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ அழிந்தது. 1884ஆம் ஆண்டில் ஓரியண்டல் வங்கி முறிந்தது. தோட்டங்கள் கை மாறின.

இப்பொழுது மலைகளில் இருந்தவை இரண்டாம் தலைமுறைக் கட்டைகள்: மாண்டுபோன கோப்பிச் செடிகளின் அடிகள். கோப்பி வரிசைகளுக்கு இடையே தேயிலையை நட்டு, அது தலையெடுத்ததும் கோப்பியைப் பிடுங்கினார்கள். அவ்வாறு பிடுங்கிய அடிகள் பட்டை உரிக்கப்பட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறி, அங்கே தேநீர் மேசைகளுக்குக் கால்களாயின என்று இலங்கைத் தேயிலை வரலாற்று நூல்கள் கூறுகின்றன. கோப்பியின் எலும்பின்மேல் தேநீர்க் கோப்பையை வைத்து அருந்திய அந்தக் காட்சியை எண்ணிப் பாருங்கள்! 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை, அந்நூற்றாண்டு முடிவதற்குள் மூன்றரை லட்சம் ஏக்கரைக் கடந்தது.

ஆனால் கட்டையின் கணக்கு முடியவில்லை. தேயிலைக்குள் நிழலுக்காகக் கிரெவிலியா மரங்களை நட்டார்கள். அவை முதிர்ந்தபோது வெட்டி விறகாக்கி, கட்டைகளை வழக்கம்போல் விட்டார்கள். சில காலத்தில் அக்கட்டைகளைச் சுற்றியிருந்த தேயிலைச் செடிகள் வட்டம் வட்டமாகப் பட்டுப்போயின. 1905ஆம் ஆண்டில் பேராதனைக்கு வந்த பெட்ச் என்னும் பூஞ்சணவியல் அறிஞர் இதன் காரணத்தை விளக்கினார். செத்த கட்டையில் முதலில் பூஞ்சணம் குடியேறுகிறது. கட்டையின் பக்கவேர்கள் வழியே மண்ணுக்குள் ஊர்கிறது. அவ்வேர்கள் தேயிலை வேரைத் தொடுமிடத்தில் தேயிலைக்குத் தாவுகிறது. மேலே பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. இலை வாடும்போது வேர் முன்னரே அழுகியிருக்கும். எனவே மரத்தை வெட்டும்போதே கட்டையையும் வேரையும் எடுத்துவிடவேண்டும் என்பது அவர் கூறிய அறிவுரை. 1925ஆம் ஆண்டில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டபோது அதன் முதல் இயக்குநராய் அமர்ந்தவரும் இவரே.

முப்பாட்டன் கட்டையை விட்டு மிச்சப்படுத்திய கூலியைப் பேரன் பன்மடங்காகச் செலுத்த நேர்ந்தது. அதைச் செலுத்தியவர் தோட்ட முதலாளி மட்டுமல்லர். அலவாங்கும் மண்வெட்டியும் கொண்டு சரிவில் நின்று வேர் தோண்டிய தொழிலாளியும் தம் உடலால் அதைச் செலுத்தினார். 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் முதன்முதல் வரையறுக்கப்பட்ட குறைந்தபட்சக் கூலி, இடைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 52 சதம். பெண்ணுக்கு 41 சதம். மலையகத்தின் ஒவ்வொரு பசுஞ்சரிவின் அடியிலும் இந்தக் கணக்கு எழுதப்படாமல் புதைந்து கிடக்கிறது. இவ்வாறு மண்ணைத் திருத்திய மக்களிற் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகுத்தது. மரத்தின் வேரை எடுக்கச் செலவு பார்த்தவர்கள், மனிதரின் வேரை எடுக்கும்போது அத்துணைச் செலவு பார்க்கவில்லை. எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே பெரும்பாலும் தீர்ந்தது.

இனி நம் நண்பரின் கேள்விக்கு வருவோம். வரலாறு அவருக்குச் சொல்லும் முதற்பாடம், கட்டையைப் பற்றி மரம் நிற்கும்போதே எண்ண வேண்டும் என்பது. நிற்கும் மரத்தைச் சுற்றி மண்ணை அகற்றி, பக்கவேர்களைக் கோடரியால் அறுத்து, உயரத்தில் கயிறு கட்டி இழுத்தால், அடிமரத்தின் பாரமே நெம்புகோலாகி வேரோடு பெயர்த்துக்கொண்டு விழும். முதலில் வெட்டிவிட்டால் அந்த நெம்புகோலை நாமே இழந்தவர்களாவோம். வீடும் மின்கம்பியும் அருகில்லாத சமநிலத்துக்கே இம்முறை பொருந்தும். அதையும் பழக்கமுள்ளவர் துணையோடு செய்தல் நலம்.

இரண்டாவது, அவசரமில்லையெனில் பட்டையை வளையமாக உரித்துவிடலாம். இலை ஆக்கும் உணவு பட்டை வழியாகவே வேருக்கு இறங்குகிறது. பட்டை அறுந்தால், இலை சில காலம் பசுமையாயிருக்க, வேர் தன் மாப்பொருளைச் செலவிட்டு வறுமையுறும். 1930களில் நியாசலாந்தில், அதாவது இன்றைய மலாவியில், லீச் என்னும் ஆராய்ச்சியாளர் இவ்வாறு வறுமையுற்ற வேரில் அங்குள்ள கொடிய வேர்ப்பூஞ்சணம் குடியேற இயலாமையைக் காட்டினார். ஓராண்டோ அதற்குச் சற்று மேலோ பொறுத்து வெட்டினால் போதும். இதற்குச் செலவு ஒரு கத்தியும் பொறுமையுமே.

மூன்றாவது, ஏற்கெனவே வெட்டிய கட்டையாயின், சமநிலத்தில் சுற்றித் தோண்டிப் பக்கவேர்களை அறுத்து, அலவாங்கால் நெம்பி எடுக்கலாம். பெரிய கட்டையை ஒரே நாளில் வெல்ல எண்ணவேண்டாம். மழைக்குப்பின் மண் இளகியிருக்கும்போது சிறிது சிறிதாகச் செய்யலாம். நன்கு காய்ந்த கட்டையைச் சுற்றி உமியும் கரியும் இட்டு மெல்ல எரிப்பதும் உண்டு. ஆனால் தீ வேர்வழியே மண்ணுக்குள் பரவி எதிர்பாராத இடத்தில் தலைகாட்டக் கூடும். வறட்சிக் காலத்தில் அதை எண்ணவும் கூடாது.

நான்காவது பாடமே மிக முக்கியமானது. நிலம் செங்குத்தான சரிவாயின், கட்டையைப் பிடுங்கவே வேண்டாம். மண்ணைப் பிடித்து நிற்பது அவ்வேர்தான். மரம் வெட்டப்பட்ட சில ஆண்டுகளில் வேர் உளுத்து அந்தப் பிடி தளர்கிறது. பிடுங்கினாலோ அன்றே தளர்கிறது. மலைச்சரிவில் தோண்டிய குழி மழைநீரை உள்ளே வாங்கும் வாயாகிவிடும். அங்கே கட்டையைத் தரைமட்டமாக அறுத்துவிட்டு, உளுத்து மறையுமுன் அருகிலேயே ஆழவேரூன்றும் வேறொரு மரத்தை நட்டுவிட வேண்டும். பழைய வேர் கைவிடும்போது புதிய வேர் கைகொடுக்கும். ஐயம் இருப்பின், மண்சரிவு அபாயத்தைப் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தாரிடம் கேட்டறிவது நன்று. கேட்பதற்கு ஆகும் செலவு, கேளாமையால் வரும் செலவைவிட எப்போதும் சிறியது.

என் நண்பர் இவற்றைக் கேட்டுத் தம் நிலத்தை நடந்து பார்த்தார். சமநிலத்திலிருந்த மூன்று கட்டைகளை எடுக்க முடிவு செய்தார். சரிவிலிருந்தவற்றை அப்படியே விட்டு, ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு பலாக்கன்று நட்டிருக்கிறார்.

சிக்கனம் என்பது இன்று செலவைக் குறைப்பது மட்டுமன்று. நாளை அச்செலவு யார் தலையில் விழும் என்று பார்த்துக் குறைப்பது. கோப்பித் தோட்டக்காரர் அதைப் பார்க்கவில்லை. சிறு நிலத்தின் சொந்தக்காரராகிய நாம் பார்க்கலாம். ஏனெனில் அந்த நாளையும் நம் பிள்ளைகளுடையதே.