மரச் சிறகுகள் – 12: முனை நிமிர்ந்த இறக்கை

சென்ற வாரம் ஆன்ரி மினியேயின் ‘வானத்துப் பேன்’ விமானத்தைப் பார்த்தோம். 1930களில் வீட்டுக் கொட்டகைகளில் உருவான அந்தக் குட்டி விமானம் பல உயிர்களைப் பலிகொண்டது. மூக்கு கவிழ்ந்து பாயத் தொடங்கினால் மீட்க முடியாமல் போகலாம் என்பது காற்றுச் சுரங்கச் சோதனையில் தெரியவந்தது. குறை வடிவமைப்பில் இருந்தது. பழியோ தச்சுப்பட்டறையின் மேலும் விழுந்தது. அந்தப் பழியைத் துடைத்த விமானம், பிரான்சின் ஜோதெல் டி.112. பர்கண்டியின் போன் நகரில் எதுவார் ஜோலியும் அவருடைய மருமகன் ழான் தெலெமோன்தேயும் 1946இல் தொடங்கிய நிறுவனம் ஜோதெல். இருவர் பெயர்களின் முதல் அசைகளே நிறுவனத்தின் பெயராயின. 1948 ஜனவரியில் ஒருவர் அமரும் டி.9 பறந்தது. அதன் குணத்தைக் கண்ட பிரெஞ்சு அரசு, பறக்கும் கழகங்களுக்காக இருவர் விமானம் கேட்டது. 1950 ஏப்ரலில் டி.11 எழும்பியது. அதில் 65 குதிரைத்திறன் கான்டினென்டல் எஞ்சின் ஏறியதும் டி.112 ஆனது.

அதன் இறக்கையைச் சற்று நெருங்கிப் பாருங்கள். நடுப்பகுதி தட்டையாக நீள, இரு முனைகள் மட்டும் சட்டென மேல்நோக்கி நிமிர்ந்திருக்கும். நடுப்பகுதி முழுவதும் ஒரே அகலம் என்பதால் அதன் விலாச் சட்டங்களை ஒரே அச்சில் வைத்து வரிசையாக ஒட்டிவிடலாம். முனைமுதல் முனைவரை ஒரே பெட்டி உத்திரம். ஆகவே இடது, வலது இறக்கைகளைத் தனித்தனியே உடலில் கோக்கும் கனத்த இணைப்புகள் தேவையில்லை. நிமிர்ந்த முனைகள் விமானம் பக்கவாட்டில் சாயாமல் காக்கின்றன. அவற்றின் முன்விளிம்பு சற்றே தாழ முறுக்கப்பட்டிருப்பதால், வேகம் குறையும்போது நடுப்பகுதிதான் முதலில் தூக்குவிசையை இழக்கும். முனைகளிலுள்ள சாய்வுத் தட்டுகள் அப்போதும் விமானிக்குக் கட்டுப்படும். ஆக, கட்டுபவருக்கு எளிமையும் ஓட்டுபவருக்குப் பாதுகாப்பும் அந்த ஒரே மடிப்பில் அமைந்தன.

உலோக யுகத்தில் மரத்தை நாடியது பின்னடைவு இல்லையா என்று கேட்கலாம். ஏறக்குறைய அதே எஞ்சினுடன் அமெரிக்காவின் பைப்பர் கப் மணிக்குச் சுமார் 120 கி.மீ. பறந்தது, டி.112 அலட்டாமல் 150ஐத் தாண்டியது. மரம் ஈரத்துக்கு அஞ்சும், ஒட்டுகளை அடிக்கடி சோதிக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் பழுதான பலகையை மாற்றத் தேர்ந்த தச்சர் போதும். அரசின் ஆதரவால்தானே பிழைத்தது என்பது அடுத்த கேள்வி. ஆதரவு தொடக்கத்தைத் தந்தது, மறுக்கவில்லை. ஆனால் பிரெஞ்சு அரசின் காசு எட்டாத பிரிட்டனிலும் கனடாவிலும் வரைபடத்தை வாங்கித் தம் கையால் கட்டிப் பறந்தவர்களுக்கு எந்த அரசு ஆதரவு தந்தது? 1972இல் வந்த நால்வர் விமானமான ரோபின் டிஆர்400 வரை அதே மடிப்பு தொடர்ந்ததே, அது சலுகையில் பிழைத்த வடிவம் அல்ல என்பதற்குச் சான்று. பட்டறையில் பிறந்த விமானத்தையும் நம்பி ஏறலாம். வரைந்தவர், அதைக் கட்டப்போகும் கைகளையும் ஓட்டப்போகும் கைகளையும் முன்கூட்டியே நினைத்திருக்க வேண்டும்.

(தொடரும்)