ஒரே கம்பியில் பல வலைகள்: வி-லேன் வளர்ந்த வழி

ஸ்விட்சில் வி-லேன் அமைப்பவரிடம் அது எதற்கு என்று கேட்டால், கணக்குப் பிரிவையும் உற்பத்திப் பிரிவையும் தனித்தனியே வைப்பதற்கு என்பார், பாதுகாப்புக்கு என்பார். ஆனால் இந்த உத்தி பிறந்தது ஈத்தர்நெட்டைப் பெரிதாக்கும் முயற்சியில். பிரிக்கும் வேலை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1980களில் ஈத்தர்நெட்டின் வேகம் நொடிக்கு 10 மெகாபிட். பல வலைகளை இணைக்கும்போது வளையம் உண்டானால் பிராட்காஸ்ட் செய்தி ஓயாமல் சுற்றி வலையையே முடக்கிவிடும். டெக் நிறுவனத்தின் ரேடியா பெர்ல்மன் 1985இல் தந்த ஸ்பேனிங் ட்ரீ முறை, உபரிப் பாதைகளை அடைத்து வலையை ஒற்றை மரமாக்கியது. வளையம் ஒழிந்தது, நெரிசல் வந்தது. வேரை ஒட்டிய பாதைகளில் போக்குவரத்து முண்டியடிக்க, அடைபட்ட கம்பிகள் சும்மா கிடந்தன. பெல்கோர் ஆய்வகத்தின் டபிள்யூ. டேவிட் சின்கோஸ்கி, சேஸ் காட்டனுடன் சேர்ந்து 1988இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு வழி சொன்னார்: ஒரே வலையில் பல மரங்கள் இருக்கட்டும், எந்த மரத்தின் வழியே போகவேண்டும் என்பதை ஒவ்வொரு ஃபிரேமும் ஒரு டேக்கில் சுமக்கட்டும்.

1990இல் ஏழு போர்ட்டுகள் கொண்ட ஈத்தர்நெட் ஸ்விட்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது கல்பனா நிறுவனம். நிறுவனர்களில் ஒருவரான வினோத் பரத்வாஜ் தம் மனைவியின் பெயரையே அதற்கு வைத்திருந்தார். 1994இல் சிஸ்கோ அதை வாங்கியது. ஸ்விட்ச் வந்ததும் ஃபிரேம்கள் மோதிக்கொள்வது குறைந்தது. பிராட்காஸ்ட் மட்டும் எல்லாப் போர்ட்டுக்கும் போய்க்கொண்டேயிருந்தது. அதற்கு எல்லை போடத்தான் அலுவலகங்கள் டேக்கைத் தேடின. சிஸ்கோவின் ஐ.எஸ்.எல். முறை ஃபிரேமின்மேல் 30 பைட் உறை போர்த்தியது. அடுத்த நிறுவனத்தின் ஸ்விட்சுக்கு அது புரியாது.

1998இல் வந்த ஐ.இ.இ.இ. 802.1க்யூ தரநிலை, ஃபிரேமுக்குள் 4 பைட் மட்டும் செருகியது. அதில் 12 பிட் வி-லேன் எண்ணுக்கு. இரண்டு எண்கள் போக 4,094 மிஞ்சும். 3 பிட் முன்னுரிமைக்கு. ஆனால் அந்தத் தரநிலை எல்லா வி-லேன்களுக்கும் ஒரே மரத்தைத்தான் வைத்தது. சின்கோஸ்கியின் மூல நோக்கமே விடுபட்டுப்போனது! பல மரங்கள் 2002இல் 802.1எஸ் வழியாகத்தான் திரும்பி வந்தன.

திருவள்ளூர் மாவட்டத்து ஆர்.கே.பேட்டைக்காரருக்கு வி-லேன் போடும் இந்த எல்லைக்கோடு புதிதல்ல. திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்தின் சித்தூரிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தபோது எந்த ஊரும் இடம் பெயரவில்லை. மனு கொடுக்கும் அலுவலகம்தான் மாறியது. வி-லேனிலும் கம்பி அப்படியே இருக்க, போர்ட் சேரும் வலை மாறுகிறது.

அதே மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற தொழிற்பேட்டைகளில் முன்னுரிமைக்கான அந்த 3 பிட்டுக்குத் தனி மதிப்பு உண்டு. ப்ரொஃபிநெட் முறையில் ஓடும் இயந்திரத்தின் நிகழ்நேரக் கட்டளை, முன்னுரிமை 6 என்ற குறியோடு பயணிக்கிறது. அப்போது வி-லேன் எண் 0. எந்த வலையையும் குறிக்காமல், அவசரத்தைச் சொல்வதற்கு மட்டுமே டேக் பயன்படுகிறது.

ஊராட்சிகளின் தேவை வேறு. பாரத்நெட் இரண்டாம் கட்டத்தைத் தமிழ்நாட்டில் டான்ஃபிநெட் செயல்படுத்துகிறது. 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் 1 ஜிகாபிட் இணைப்பு என்பது இலக்கு. ஓர் இழையில் ஊராட்சி அலுவலகம், பள்ளி, சுகாதார நிலையம் மூன்றும் போகவேண்டுமானால் டேக் தேவைப்படும். கணினி செருகும் ஆக்சஸ் போர்ட்டில் டேக் இருக்காது. ஸ்விட்சுகளை இணைக்கும் ட்ரங்க் போர்ட்டில் இருக்கும். ட்ரங்கின் இரு முனையிலும் அனுமதித்த எண்களும், ட்ரங்கில் டேக் இல்லாமல் போகும் நேட்டிவ் வி-லேனும் ஒத்திருக்கவேண்டும். நேட்டிவ் வி-லேனைப் பயனாளர் போர்ட்டுக்கும் கொடுத்துவிட்டால், இரட்டை டேக் ஒட்டிய ஃபிரேம் அடுத்த வலைக்குள் நுழைய வழி கிடைக்கும். பாதுகாப்புக்காகப் பிறக்காத உத்தியைப் பாதுகாப்பு என்றே நம்பிவிடுவதன் பலன் இது.

வி-லேன் எண் 20 பள்ளியா, சுகாதார நிலையமா என்பதைத் தரநிலை சொல்லாது. அமைத்துக் கொடுத்த ஒப்பந்ததாரர் போனபின் அதைச் சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள். வி-லேன் எண் பட்டியலைக் கேட்டு வாங்கி அலுவலகப் பதிவேட்டில் எழுதிவைத்த பிறகே ஊராட்சி ஒன்றிய அலுவலகங்கள் பில்லில் கையெழுத்திட வேண்டும்.