தகடூர் மாற்றியும் தமிழ் மின்கவிதையும்

கணினி இல்லாவிட்டால் இருக்கவே முடியாத இலக்கியத்தை மின்னிலக்கியம் என்கிறோம். அச்சில் வந்த நாவலை வருடி மின்னூலாக்கினால் அது இந்த வகையில் சேராது. சொடுக்கினால் கிளை பிரியும் கதை, திறக்கும்போதெல்லாம் புதிதாகத் தொடுக்கப்படும் கவிதை, நிரலும் பாட்டும் ஒன்றாகவே எழுதப்பட்ட ஆக்கம் ஆகியவை சேரும். 1959இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் தியோ லுட்ஸ், காஃப்காவின் 'கோட்டை' நாவலிலிருந்து சொற்களை எடுத்து, சூசே இசட்22 கணினியை வாக்கியம் புனைய வைத்தது இதன் தொடக்கங்களுள் ஒன்று. 1999இல் அமெரிக்காவில் மின்னிலக்கிய அமைப்பு தோன்றியது. தமிழில் கதை வேறு. இங்கே படைப்பாளியைத் தேடுமுன் கருவி செய்தவரைத் தேட வேண்டும். தேடினால் வந்து சேரும் ஊர்களில் ஒன்று தருமபுரி.

தகடூர் கோபி

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். ஔவையார் பாடிய அதியமான் நெடுமான் அஞ்சியின் தலைநகர். சேலத்திலிருந்து பிரிந்து 1965 அக்டோபர் 2இல் தனி மாவட்டமானது. இங்கே பிறந்த மென்பொருளாளர் கோபாலகிருஷ்ணன் இணையத்தில் 'தகடூர் கோபி' என்றே அறியப்பட்டார். தாம் எழுதிய கருவிகளுக்கும் 'அதியமான் மாற்றி', 'தகடூர் தமிழ் மாற்றி' என்று ஊர்ப்பெயரையே சூட்டினார். இந்திய மொழிகளின் எழுத்துகளுக்கிடையே மாற்றித் தரும் இன்னொரு கருவிக்கு, தேனீ எழுத்துருவை உருவாக்கிய அதிராம்பட்டினம் உமர்தம்பியின் நினைவாக 'உமர் பன்மொழி மாற்றி' என்று பெயர் வைத்தார். 2018இல் காலமானார்.

ஒருங்குறி (யூனிகோடு) பரவாத காலத்தில் தமிழ்த் தளம் ஒவ்வொன்றும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தது. திஸ்கி, டாம், டாப், பாமினி என்று குறியாக்கங்கள் பல. பாமினியில் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் உட்கார்ந்திருந்ததால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கவிதை வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். ரோமன் எழுத்தில் தட்டியதைத் தமிழாக்குவதும், பழைய குறியாக்கங்களில் கிடந்ததை ஒருங்குறிக்குக் கொண்டுவருவதும் கோபியின் மாற்றிகளுடைய வேலை.

கேட்க எளிதாக இருக்கும் வேலைதான், ஆனால் 'கொ' என்ற ஓரெழுத்தைப் பாருங்கள். பழைய எழுத்துருக்கள் அதைக் கண்ணுக்குத் தெரிகிறபடியே ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என்று மூன்று துண்டாக வைத்தன. ஒருங்குறியோ முதலில் ககரம், பிறகு ஒகரக் குறி என்று ஒலி வரிசையில் வைக்கிறது. எனவே மாற்றி எழுதுபவர் நீளமான சேர்க்கைகளை முதலில் மாற்றி, தனித்துண்டுகளைக் கடைசியில் தொட வேண்டும். வரிசை தவறினால் 'கொ' இருக்க வேண்டிய இடத்தில் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகச் சிதறி நிற்கும். இந்தச் சில்லறை வேலையைச் சலிக்காமல் செய்தவர்களை இலக்கிய வரலாறு கணக்கில் எடுப்பதில்லை. எடுக்க வேண்டும்.

கவிதையோடு வந்த இணையத்தமிழ்

இணையத்தில் தமிழ் ஏறியதும் கவிதையை முன்னிட்டுத்தான். 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் குடியரசுத் தலைவர் ஓங் டெங் சியோங் அந்நாட்டின் நான்கு மொழிக் கவிதைத் தொகுப்பு ஒன்றை இணையத்தில் வெளியிட்டார். அதன் தமிழ்ப் பகுதியைத் திரையில் தெரியவைத்தவர் நா. கோவிந்தசாமி. சிறுகதை எழுத்தாளர், ஆசிரியர்களுக்கு ஆசிரியர், 'கணியன்' என்ற கணினித் தமிழ் முறையை உருவாக்கியவர். எழுத்தாளரே எழுத்துருவும் செய்ய நேர்ந்தது அந்தத் தலைமுறையின் நிலைமை. 1997இல் சிங்கப்பூரில் தமிழ்நெட் மாநாட்டைக் கூட்டிய அவர் 1999இல் மறைந்தார்.

யாப்பை வாசிக்கும் நிரல்கள்

வெண்பா இலக்கணத்தை நிரலாளர் ஒருவரிடம் கொடுத்தால் இதைவிடத் தெளிவான விவரக்குறிப்பு கிடையாது என்பார். மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர் என்று எந்தச் சீரை அடுத்து எந்த அசை வர வேண்டும் என்பது வரையறுக்கப்பட்டிருக்கிறது. ஈற்றடியின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு ஆகிய வாய்பாடுகளில் ஒன்று. இதைக் கணினிக்குச் சொல்லிக்கொடுத்தவர்களுள் வினோத் ராஜன் முக்கியமானவர். அவருடைய 'அவலோகிதம்' இட்ட செய்யுளை அசை பிரித்து, சீர், தளை, தொடை கண்டு, பாவகையையும் சொல்லும்.

தருமபுரியின் இரண்டு பெயர்களையே எடுத்துக்கொள்வோம். 'தகடூர்' என்பது தக, டூர் என்று நிரைநேர் ஆகிறது, அதாவது புளிமா. 'தருமபுரி' தரு, மபு, ரி என்று பிரிந்து நிரைநிரைநேர் ஆகிறது, அது கருவிளங்காய். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் மாமுன் நிரை வந்து இயற்சீர் வெண்டளை பொருந்தும். பழம்பெயரும் புதுப்பெயரும் வெண்பாவில் கைகோக்கலாம் என்று நிரல் ஒப்புதல் தந்துவிடும். அது நல்ல வெண்பாவா என்று மட்டும் அதனிடம் கேட்கக் கூடாது.

பாட்டு கட்டவும் முயன்றிருக்கிறார்கள். சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தின் ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையத்தில் அனந்த் ராமகிருஷ்ணன், சங்கர் குப்பன், சோபா லலிதா தேவி ஆகியோர் மெட்டுக்குத் தமிழ் வரி எழுதும் கருவியை 2009இல் ஆய்வுக் கட்டுரையாக முன்வைத்தனர். அசைக்குப் பதிலாகக் குறில், நெடில், மெய் என்ற மூன்றே அடையாளங்களை அவர்கள் எடுத்துக்கொண்டனர். அந்தக் கணக்கில் 'தகடூர்' குறில்-குறில்-நெடில்-மெய். 'தருமபுரி' ஐந்தும் குறில். மெட்டைக் கேட்டு இந்த வாய்பாட்டைக் கணித்து, அதற்குள் அடங்கும் சொற்களைக் கோப்பது வழி. சொல் மெட்டில் உட்கார்ந்தாலும் பொருள் நழுவியது. எனவே 2010இல் சொற்பொருள் உறவுகளின் அறிவுத்தளத்தையும் சொல்லுருவாக்கியையும் சேர்த்து வழியை மாற்றினர். கோடம்பாக்கத்தில் இந்தப் பக்கம் வந்தவர் பாடலாசிரியர் மதன் கார்க்கி. அவருடைய ஆராய்ச்சி அறக்கட்டளையின் 'எமோனி' எதுகையும் மோனையும் இயைபும் தேடித் தரும்.

சித்திரகவி

மின்கவிதையின் முன்னோரைத் தமிழில் தேடுவோர், எழுத்துகளைக் கட்டங்களிலும் வரிசைகளிலும் அமைத்துப் பாடும் சித்திரகவியைத்தான் காட்டுவர். தண்டியலங்காரம் மாலைமாற்று, கோமூத்திரி, சுழிகுளம் முதலியவற்றுக்கு இலக்கணம் சொல்கிறது. சுழிகுளம் எட்டெழுத்து வரிகள் நான்கு. மொத்தம் 32 கட்டங்கள். நேராகப் படித்தாலும், முதல் நிரலில் கீழிறங்கிக் கடைசி நிரலில் மேலேறி உட்சுழன்று படித்தாலும் அதே செய்யுள் வரும். முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒன்றுபோலவே படிக்கக்கூடிய மாலைமாற்றிலேயே திருஞானசம்பந்தர் ஒரு பதிகம் பாடியிருக்கிறார்.

இவற்றைக் கணினியில் சோதிக்கப் போனால் பழைய 'கொ' சிக்கல் வேறு வேடத்தில் வரும். 'விகடகவி' நமக்கு ஐந்து எழுத்து, எப்பக்கம் படித்தாலும் ஒன்று. ஒருங்குறிக்கு அது ஏழு குறியீடு. அவற்றை அப்படியே திருப்பினால் இகரக் குறி டகரத்தை அடுத்த ககரத்தின் தலையில் ஏறிக்கொள்ளும், முதற்குறி ஒட்ட இடமின்றி நிற்கும். முத்து அண்ணாமலை உள்ளிட்டோர் பைத்தான் மொழியில் கட்டிய 'ஓப்பன் தமிழ்' நிரலகம் சரத்தை முதலில் தமிழ் எழுத்துகளாகப் பிரித்துத் தருவது இதற்காகத்தான்.

ஆய்வும் படைப்பும்

இந்தியச் சூழலில் மின்னிலக்கியத் துறைக்குக் கல்விப்புல இடம் தேடித்தந்தவர்களில் இந்தூர் ஐ.ஐ.டி.யின் நிர்மலா மேனனும் அங்கே ஆய்வு செய்த ஷண்முகப்ரியாவும் உண்டு. இருவரும் பிரிட்டிஷ் மின்படைப்பாளி ஆண்டி கேம்பெல்லோடு சேர்ந்து, மின்கவிதையில் சொல்லைச் சூழ்ந்து நிற்கும் படமும் அசைவும் எப்படி வாசிக்கப்படுகின்றன என்று எழுதினர். ஷண்முகப்ரியா பிறகு லான்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் திட்டமொன்றில் கோயம்புத்தூரின் தண்ணீர்ப் பற்றாக்குறையை ஆராய்ந்தார். அங்கே தொலைந்துபோன நீர்நிலைகள் அவருடைய மின்படைப்புக்கும் பொருளாயின.

கருவிகளோடு ஒப்பிட்டால் தமிழில் திரைக்கென்றே எழுதப்பட்ட கவிதைகள் மிகக் குறைவு. வெண்பாவைச் சோதிக்க நிரல் இருக்கிறது, எதுகை தேட நிரல் இருக்கிறது. கவிஞர்களோ பெரும்பாலும் இன்னும் தாளில் எழுதுவதைத்தான் திரையில் தட்டுகிறார்கள்.