புராஸ்டேட் புற்றுநோய்: உடனே அறுவை சிகிச்சையா, கண்காணிப்பா?

"வாப்பாவுக்கு கேன்சராம்" என்ற செய்தி வீட்டுக்கு வந்த மறுநிமிடமே, "எப்போ ஆபரேஷன்?" என்றுதான் நாம் கேட்கிறோம். பல புற்றுநோய்களில் அந்த அவசரம் சரியானதே. ஆனால் ஆரம்பநிலை புராஸ்டேட் புற்றுநோயில் யோசிக்க அவகாசம் உண்டு.

சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருக்கும் சுரப்பிதான் புராஸ்டேட். இதில் வரும் புற்றுநோய் பலருக்கு மிக மெதுவாக வளரும். பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை, எம்ஆர்ஐ ஸ்கேன், பயாப்ஸியில் தெரியும் க்ளீசன் எண் ஆகியவற்றை வைத்து அதன் வீரியத்தை மருத்துவர் கணிக்கிறார். க்ளீசன் 6 குறைந்த வீரியம். 8 முதல் 10 வரை என்றால் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. இடையில் உள்ள 7 ஆளுக்கு ஆள் மாறும்.

பிரிட்டனில் நடந்த 'புரோடெக்ட்' ஆய்வு இதில் முக்கியமானது. நோய் சுரப்பியைத் தாண்டாத, 50 முதல் 69 வயதுக்குட்பட்ட 1,643 பேரை கண்காணிப்பு, அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு என மூன்று பிரிவாக்கினார்கள். 15 ஆண்டுகால முடிவு 2023-இல் வெளியானது. இந்நோயால் இறந்தவர்கள் கண்காணிப்பில் 3.1 சதவீதம், அறுவை சிகிச்சையில் 2.2, கதிர்வீச்சில் 2.9. இது பெரிய வித்தியாசமல்ல. ஆனால் நோய் உடலில் பரவியது கண்காணிப்பில் 9.4 சதவீதம், அறுவை சிகிச்சையில் 4.7. இதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். கண்காணிப்பில் இருந்தவர்களில் சுமார் 61 சதவீதம் பேர் அந்த 15 ஆண்டுகளுக்குள் ஏதாவதொரு சிகிச்சைக்கு மாறினார்கள்.

அப்படியானால் அறுவை சிகிச்சையையே செய்துகொள்ளலாமே? அதற்கும் விலை உண்டு. அதே ஆய்வில், அறுவை சிகிச்சை முடிந்து 6 மாதத்தில் 46 சதவீதம் பேர் சிறுநீர்க் கசிவுக்காக பேட் அணிந்தார்கள். கண்காணிப்பில் 4 சதவீதம் பேர்தான். 6 ஆண்டுக்குப் பிறகும் இது 17-க்கு 8 என்றிருந்தது. தாம்பத்திய உறவிலும் பாதிப்பு அதிகம். இதை நம் வீடுகளில் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. நோயாளியும் வெட்கப்பட்டுச் சொல்வதில்லை. கசிவு என்றதும் தொழுகையை எண்ணிப் பலர் கலங்குகிறார்கள். தொடர் கசிவு உள்ளவர் தொழுகையை விட வேண்டியதில்லை. நேரம் வந்ததும் சுத்தம் செய்து ஒளூ எடுத்துத் தொழ மார்க்கத்தில் சலுகை இருக்கிறது. விவரத்தை உங்கள் ஆலிமிடம் கேளுங்கள்.

கண்காணிப்பு என்றால் சும்மா விட்டுவிடுவதல்ல. குறித்த இடைவெளியில் பிஎஸ்ஏ, தேவைப்படும்போது எம்ஆர்ஐ, மறுபடி பயாப்ஸி என்று ஆண்டுக்கணக்கில் போகும். "எனக்கு ஒன்றுமில்லை" என்று ஒரு வருடம் பரிசோதனைக்குப் போகாமல் இருப்பவருக்கு இந்த வழி ஆபத்து. வளைகுடாவில் வேலை பார்ப்பவர் பரிசோதனையை எங்கே தொடரப்போகிறார் என்பதையும் முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். உள்ளே புற்றுநோய் இருக்கிறதே என்ற நினைப்பில் தூக்கமே வராதவருக்கு அறுவை சிகிச்சையே நிம்மதியாக இருக்கலாம். வயதும், சர்க்கரை, இதய நோய் போன்ற மற்ற நோய்களும் கணக்கில் வரும். 75 வயதுக்காரருக்கும் 55 வயதுக்காரருக்கும் பதில் ஒன்றாக இருக்காது.

பிள்ளைகள் மட்டும் தனியே டாக்டரிடம் பேசி முடிவெடுத்துவிட்டு, "சின்ன ஆபரேஷன்தான்" என்று அவரை அழைத்துப் போவது நம்மிடையே சகஜம். உடம்பு அவருடையது. அவரையும் உம்மாவையும் அருகில் வைத்துக்கொண்டே பேசுங்கள். க்ளீசன் எண் என்ன, கண்காணிப்புக்கு இவர் ஏற்றவரா, நீங்கள் செய்த அறுவை சிகிச்சைகளில் எத்தனை பேருக்குக் கசிவு நீடித்தது என்று கேளுங்கள். முடிந்தால் கதிர்வீச்சு மருத்துவர் ஒருவரையும் பாருங்கள். பழைய பிஎஸ்ஏ ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக எடுத்துச் செல்லுங்கள். அளவு எவ்வளவு வேகமாக ஏறியது என்பதை டாக்டர் அவசியம் பார்ப்பார்.