ஒரே பிளான், வேறு வேறு ஸ்பீடு – ஏன்?

எங்கள் நாரணாபுரத்தில் ஒரே தெருவில், ஒரே வாடகை கட்டும் இரண்டு வீடுகளில்கூட நெட் ஒரே வேகத்தில் வருவதில்லை. "ஏமாத்துறாங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் கொஞ்சம் பின்னோக்கிப் பார்த்தால் விஷயம் வேறு. ஒரு ஃபைல் பல கைமாறித்தான் நம் வீட்டுக்கு வருகிறது. வழியில் எந்த இடம் ரொம்பக் குறுகலோ, அந்த இடத்தின் வேகம்தான் நமக்கு. இந்தியாவில் அந்தக் குறுகல் இடம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. டயல்-அப் வேகம் 9.6 கிலோபிட். 5 எம்பி பாட்டு ஒன்று இறங்க ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும்! மாணவர்களுக்கு ரூ.500-க்கு ஒரு கணக்கு கொடுத்தார்கள். அதில் எழுத்து மட்டும்தான் தெரியும், படம் வராது. அப்போது குறுகல் போன் லைனிலேயே இருந்தது. பேச்சுக்காகப் போட்ட கம்பி அது.

2004-ல் மத்திய அரசின் பிராட்பேண்ட் கொள்கை வந்தது. குறைந்தது 256 கிலோபிட் இருந்தால்தான் பிராட்பேண்ட் என்றார்கள். 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் டேட்டாஒன் வந்தது. (இங்கே பலரும் குழம்புவார்கள்: 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். எனவே 256 கிலோபிட் லைனில் டவுன்லோட் 32 கிலோபைட்தான் காட்டும். அது மோசடி இல்லை, வகுத்தல்!)

கம்பி பழைய செம்புக் கம்பிதான், அதில் ஓடியது ஏடிஎஸ்எல். தூரம் கூடக்கூட சிக்னல் தேயும். ஏடிஎஸ்எல்2+ எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்து வீட்டில் 24 எம்பிபிஎஸ் வரை தரும். ஐந்து கிலோமீட்டர் தள்ளிப் போனால் ஓரிரண்டுக்கு இறங்கிவிடும். டவுன்காரனும் ஊர்க்காரனும் ஒரே வாடகை கட்டினாலும் கிடைத்தது ஒன்றல்ல.

சரி, வீட்டுக் கம்பி நன்றாக இருந்தால் போதுமா? 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்ஸாண்ட்ரியா அருகே கடலுக்கடியில் இரண்டு கேபிள்கள் அறுந்தன. இந்தியா முழுக்க நெட் தவழ்ந்தது. இங்கே யார் வீட்டு லைனிலும் கோளாறு இல்லை. குறுகல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப் போயிருந்தது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகும் கேபிள்களும் இருந்ததால் முழுசாக நிற்காமல் தப்பித்தோம்.

இப்போது பல வீடுகளுக்கு ஃபைபர் வந்துவிட்டது. தூரத்துப் பிரச்சினை அநேகமாகத் தீர்ந்தது. ஆனால் ஜிபான் முறையில் சுமார் 2.5 ஜிபிபிஎஸ்ஸை 32 அல்லது 64 வீடுகள் பங்குபோடுகின்றன. அதற்கு மேலே கம்பெனி வாங்கி வைத்திருக்கும் பேண்ட்வித்திலும் பங்கு. பட்டாசு ஆலை வேலை முடிந்து எல்லோரும் வீடு திரும்பி, ராத்திரி எட்டு மணிக்கு வீடியோ பார்த்தால் நெரிசல்தான். விடியற்காலையில் அதே லைன் பறக்கும். அந்தக் காலத்து பிஎஸ்என்எல் ரூ.500 திட்டத்தில் இரவு 2 மணி முதல் காலை 8 வரை கணக்கில்லாமல் இறக்கிக்கொள்ள விட்டதும் இதனால்தான். சும்மா கிடக்கும் சரக்கை இலவசமாகத் தருவது வியாபார புத்தி.

காமர்ஸ் படிப்பதால் எனக்கு உறுத்துவது வேறு. 2004 கொள்கையின் வாசகத்தைப் பாருங்கள். அந்த 256, கம்பெனியின் இணைப்பு மையத்திலிருந்து நம் வீடு வரைக்கும்தான். அதுவும் அந்த வேகத்தைத் தரும் "திறன்" இருந்தால் போதும். 2013-ல் அது 512 ஆனது, 2023-ல் 2 எம்பிபிஎஸ் ஆனது. எண் வளர்ந்தது, வாசகம் அப்படியே. மையத்துக்கு அந்தப் பக்கம் எவ்வளவு குறுகல் இருந்தாலும் இந்த எண் அதைத் தொடாது. விளம்பரத்தில் "வரை" என்ற சின்ன வார்த்தை உட்கார்ந்திருப்பது சும்மா இல்லை.

அதனால் அடுத்த முறை சண்டைக்குப் போகுமுன், வைஃபையை விட்டுவிட்டு கேபிளைச் செருகி, காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை அளந்து பாருங்கள். ரெண்டு நேரமும் குறைந்தால் லைனைச் சந்தேகப்படலாம். ராத்திரி மட்டும் குறைந்தால் நெரிசல். குறுகல் எங்கே என்று தெரிந்தால் புகாரையாவது சரியாக எழுதலாம் இல்லையா?