வக்பும் வடிகட்டியும்: சத்திரசிகிச்சைக் கூடத்துக் காற்றின் கதை

அமெரிக்க மிஷன் டொக்டர் சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தவர். மானிப்பாயில் தமிழிலேயே டொக்டர்மாரை உருவாக்கியவர். அவருடைய முயற்சியில் 'இரண வைத்தியம்' என்ற சத்திரசிகிச்சை நூல் 1867இல் தமிழில் வந்தது. அதே 1867இல்தான் ஜோசப் லிஸ்டர், புண் சீழ்ப்பிடிக்கக் கிருமியே காரணம், கார்போலிக் அமிலத்தால் அதைத் தடுக்கலாம் என்று லண்டன் மருத்துவ ஏட்டில் எழுதினார். தமிழ்ப் புத்தகம் அச்சேறும்போது அந்த அறிவு அதற்குள் வந்துசேர வழியில்லை. அந்தக் காலத்தில் நம்மட வாவிக்கரை ஊர்களில் கத்தி பிடித்தவர் ஒஸ்தா மாமா. கத்தியைக் கழுவுவார்தான். ஆனால் கழுவிய கத்தி வேறு, கிருமி நீங்கிய கத்தி வேறு.

லிஸ்டர் காற்றையும் விடவில்லை. கூடம் முழுக்கக் கார்போலிக் புகையைத் தெளித்தார். 1890இல் பெர்லின் மாநாட்டில், அதைச் சிபாரிசு செய்ததற்கு வெட்கப்படுவதாக அவரே சொல்லிவிட்டார். கைதான் குற்றவாளி, காற்று இல்லை என்றாயிற்று. பிறகு நீராவிக் கொதிகலன் வந்தது, ரப்பர் கையுறை வந்தது. காற்றைப் பலரும் மறந்தே போனார்கள்.

அதைத் திரும்ப நினைவூட்டியவர் இங்கிலாந்தின் ஜோன் சார்ன்லி. 1960களில் செயற்கை இடுப்பு மூட்டு பொருத்தியபோது, மேலிருந்து கீழே வடிகட்டிய காற்று இறங்கும் ஒரு சிறு கூடாரத்துக்குள் நின்றே வேலை செய்தார். 1982இல் வெளியான ஆய்வொன்று 8000க்கும் மேற்பட்ட மூட்டுச் சிகிச்சைகளைப் பார்த்தது. அத்தகைய காற்று, தொற்றைப் பாதிக்கும் கீழே குறைத்திருந்தது. மேலிருந்து இறங்கும் அந்த விசேட முறை தேவைதானா என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் கேள்வி எழுப்பியது உண்மை. வடிகட்டிய காற்று வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

ஏனென்றால் கூடத்துக்குள் கிருமியைக் கொண்டுவருவது பெரும்பாலும் மனிதர்தான். நம் தோலிலிருந்து கண்ணுக்குத் தெரியாத செதில்கள் ஓயாமல் உதிர்கின்றன, அவற்றில் கிருமி ஏறியிருக்கும். ஆகவே மணிக்கு இருபது தடவையாவது அறைக் காற்று மாற வேண்டும். உள்ளே அழுத்தம் கொஞ்சம் கூடவே இருக்க வேண்டும். அப்போதுதான் கதவு திறந்தால் காற்று வெளியே போகும், நடைபாதைக் காற்று உள்ளே வராது. கதவை அடிக்கடி திறந்தால் இந்தக் கணக்கெல்லாம் வீண்.

இங்கேதான் நம்மட ஆக்கள் ஏமாறுகிறார்கள். சுவரில் மாட்டும் ஏ.சி. அறைக்குள் இருக்கும் காற்றையே சுழற்றிக் குளிர வைக்கும். வெளிக்காற்றை வடிகட்டித் தராது, அழுத்தமும் தராது. காத்தான்குடி போல ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமான நிலத்தில், மாரி காலத்து ஈரத்தில், கவனிக்காத குழாயிலும் கூரைத்தட்டிலும் பூஞ்சணம் பிடிக்க அதிக நாள் ஆகாது. உப்புக் காற்று இரும்பைத் தின்னும்.

நல்ல காற்றைப் பற்றிப் பேசினால் நம் மேடைகளில் ராஸி வந்துவிடுவார். பக்தாதில் பல இடங்களில் இறைச்சியைத் தொங்கவிட்டு, மெதுவாகக் கெட்ட இடத்தில் ஆஸ்பத்திரி கட்டச் சொன்ன கதை. அதை அழுதிய்யா ஆஸ்பத்திரியோடு சேர்த்துச் சொல்வார்கள். அது திறந்தது 982இல். ராஸி வபாத்தானது சுமார் 925இல். கதை இனிமையானதுதான், ஆனால் நமக்கு அதைவிடப் பயனுள்ள சான்று இருக்கிறது.

கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் கட்டிய ஆஸ்பத்திரியின் வக்பு சாசனத்தைச் சொல்கிறேன். கட்டடத்தோடு அது நிற்கவில்லை. கடைகள் முதலான சொத்துகளின் வருமானத்தை அன்றாடச் செலவுக்கே எழுதிவைத்தது. ஒவ்வொரு நோயாளிக்கும் தனிக் கிண்ணத்தில், இன்னொருவர் பங்கிடாமல், மூடி வைத்த உணவு. வெயில் காலத்துக்கு ஈச்சோலை விசிறி. விசிறிக்கும் மூடிக்கும்கூட சாசனத்தில் இடம்!

நம்மூர்களில் கொடையாளிகளுக்குக் குறைவில்லை. வார்டு கட்டித் தருகிறார்கள், மெஷின் வாங்கித் தருகிறார்கள், வாப்பாவின் பெயரில் கல்வெட்டும் வைக்கிறார்கள். ஆனால் வடிகட்டி ஒரு தடவை வாங்கும் சாமான் இல்லை. அடைபட்டால் மாற்ற வேண்டும், அழுத்தத்தை அளக்க வேண்டும், மின்சாரம் போனால் ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும், துடைக்கிற சிற்றூழியருக்குப் பயிற்சி வேண்டும். கடையொன்றின் வாடகையை இந்த வடிகட்டிக்கு என்று வக்பு எழுதி வைக்க மார்க்கத்தில் தடையேதும் இல்லை. கலாவூனின் இடத்தில் இன்றும் ஒரு கண் ஆஸ்பத்திரி இயங்குகிறது.